விட்ட இடத்தில்

கூடத்தில் யாசீன் ஓதத் தொடங்கிவிட்டார்கள்.

றஹ்மா திரைச்சீலையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கினாள். ஆண்கள் பாய்களில் நெருக்கமாக இருந்தார்கள். அவர்களுக்கு அப்பால், வெள்ளை பெட்ஷீட்டால் மூடிய டிவி. அதன் பக்கத்துச் சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது.

மவுத்து வீட்டில் டிவி போடக்கூடாது. அவள் கணவன் நிஸாரை அடக்கிவிட்டு வந்த அன்றே யாரோ பெட்ஷீட்டைப் போர்த்திச் சுவிட்சையும் அணைத்துவிட்டார்கள்.

டிவிக்கும் அதன் அருகில் இருந்த கேம் செட்டுக்கும் அது ஒன்றுதான் சுவிட்ச்.

முதல் முப்பது நாளும் சுபஹுத் தொழுகைக்கு முன்னால், கூடம் வெறுமையாக இருக்கும்போது, அவள் போய் அதைப் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து அணைத்தாள். யாரும் பார்க்கவில்லை.

பிறகு மன்னாரிலிருந்து நிஸாரின் சொந்தக்கார ஆண்கள் வந்து கூடத்தில் தங்கினார்கள். கணவனுக்காக இத்தா இருக்கிறவள் அவர்கள் முன்னால் போக முடியாது. நாலு மாதமும் பத்து நாளும் அவளுக்கு இந்த அறைதான்.

"தூங்க விட்டா பற்றரி பத்து நாள் தாங்கும்" என்று நிஸார் சொல்லியிருந்தான்.

இன்று நாற்பதாம் நாள் கத்தம் ஓதுகிறார்கள். அவர்கள் வந்து பத்தாவது நாள்.

அந்த கேம் செட் ஆலங்குடாவில் அவன் வேலை செய்த ஹோட்டலுக்கு, கடலில் கைட் விட வந்த வெள்ளைக்காரன் ஒருவன் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. சாப்பாட்டு நேரத்தில் நிஸார் அதைக் கையில் வைத்து ஆடுவான். வீட்டுக்கு வந்ததும் டிவிக்குப் பக்கத்தில் உள்ள தாங்கியில் செருகுவான். கையில் ஓடிய கார் டிவியில் ஓடும்.

"விட்ட இடத்திலயே நிக்கிது பாரு புள்ள."

ஒவ்வொரு நாளும் சொல்வான். ஒவ்வொரு நாளும் அவள் பார்ப்பாள்.

பொத்தான்கள் எல்லாம் இரண்டு பக்கத்துக் கைப்பிடிகளில் இருந்தன. கைப்பிடிகளைக் கழற்றி ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். அவனுக்குச் சிவப்புக் கார். இரண்டாம் ஆளான அவளுக்கு மஞ்சள் கார். அவள் எப்போதும் சுவரில்தான் மோதுவாள்.

"உன்ட வாப்பாட உப்பு லொறியா ஓட்டுறாய்?"

அவள் ஒருநாளும் வென்றதில்லை.

அவன் மவுத்தான அன்றைக்குக் கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. சீனி முடிந்துவிட்டது என்று அவள் சொன்னாள். அவன் கைப்பிடியைக் கதிரையில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். கற்பிட்டி வீதியில் டிப்பர் லொறி ஒன்று வந்தது.

சீனி வாங்கப் போன மனுசன் என்று பார்க்க வந்த பெண்கள் நாற்பது நாளாகச் சொன்னார்கள். அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள்.

ஓட்டம் இன்னும் அதற்குள் நிற்கிறது. சிவப்புக் கார் முடிவுக் கோட்டுக்கு ஒரு கார் நீளம் தள்ளி நிற்கிறது. பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் அது தானாகவே உருண்டு கோட்டைத் தாண்டும். நிஸார் வெல்வான்.

பற்றரி செத்தால் அந்த ஓட்டம் எங்கும் இருக்காது.

முப்பது விடியல்கள் அவள் அதன் முன்னால் இருந்தாள். முப்பது விடியல்களும் நாளைக்கு என்று எழுந்து வந்தாள்.

"மதினி, டிவிக்குப் பக்கத்தில ஈக்கிற கேம் செட்ட எடுத்துத் தாங்களேன்."

நிஸாரின் அக்கா பஹ்மிதா நிமிர்ந்து பார்த்தாள்.

"கத்தத்தன்டைக்கு கேம் கேக்கிறியா? ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

"ஒருக்கா மட்டும்."

பஹ்மிதா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரைச்சீலைக்கு அருகே போய்த் தன் தம்பி ஜபாரை மெதுவாகக் கூப்பிட்டாள்.

ஜபார் ஓதுவதை நிறுத்தாமலே எழுந்து பெட்ஷீட்டுக்குக் கீழே கையை விட்டான். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் அவனுடைய கை மட்டும் வந்தது.

றஹ்மா வாங்கினாள்.

வெறும் திரை. இரண்டு பக்கமும் மொட்டையாக இருந்தது.

மேல் விளிம்பில் இருந்த ஒரே பொத்தானை அழுத்தினாள். வெளிச்சம் வந்தது. மூலையில் பற்றரி சிவப்பாகத் துடித்தது.

மேல் பாதியில் சிவப்புக் கார், கோட்டுக்கு முன்னால். கீழ்ப் பாதியில் மஞ்சள் கார், சுவரோடு.

நடுவில் ஆட்டம் நிறுத்தப்பட்டிருப்பதாக எழுதியிருந்தது. நிறுத்திய ஆளின் எண்ணும் இருந்தது. இரண்டு.

"இதுக்கு ரெண்டு கைப்பிடி ஈக்கிது மதினி. ஜபாருக்குச் சொல்லுங்க."

பஹ்மிதா திரைச்சீலையை விலக்கினாள். கூடத்தில் துஆ தொடங்கியிருந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்திருந்தன. ஜபாருடைய கைகளும்.

"இப்ப கூப்பிட ஏலா புள்ள. முடியட்டும்."

றஹ்மா பெருவிரலைச் சிவப்புக் காரின் மேல் வைத்து அழுத்தினாள். கண்ணாடி. இன்னும் அழுத்தினாள்.

திரை கறுத்தது.

அவள் அதைத் திரும்பத் தட்டிப் பார்க்கவில்லை. மடியில் கவிழ்த்து வைத்தாள்.

பஹ்மிதா அடுப்படிக்குப் போனாள். டின்னைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஓதினவங்களுக்கு பிளேன்டீ ஊத்தணும். சீனி காணாது. துஆ முடிஞ்சதும் ஜபாரக் கடைக்கு அனுப்புறேன்."

"அனுப்பாதீங்க."

நாற்பது நாளில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. பஹ்மிதா கையில் டின்னோடு வாசலில் வந்து நின்றாள்.

றஹ்மா அலுமாரியைத் திறந்தாள். உடுப்புகளுக்குக் கீழே கையை விட்டு ஒரு பைக்கட்டை எடுத்து நீட்டினாள். இரண்டு கிலோ. வாய் பிரிக்காதது.

"யாரு வாங்கின சீனி இது?"

"அவருதான்," என்றாள் றஹ்மா. "மவுத்தாகுறதுக்கு முந்தின நாள்."