கடைசிப் பத்து நிமிடம்

"மற்றக் கிளைக்காரரோடை சேந்திட்டான் ஜெர்மன்காரன். இதுக்குமேலை என்ன விசாரணை?" என்றார் யோகலிங்கம், மட்டன் ரோலைக் கடித்தபடி.

ஈஸ்ட் ஹாமில் ஓர் உணவகத்தின் மேல்மாடி. பூவரசந்துறை ஐக்கிய விளையாட்டுக் கழகம், லண்டன் கிளையின் அவசரக் கூட்டம். குற்றவாளி எதிரிலேயே உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்.

டீற்றர், ஜெர்மனியில் இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்றின் முன்னாள் ஆட்டக்காரர். விளையாடிய காலத்தின் பெரும்பகுதியைப் பெஞ்சில் கழித்தவர். முழங்கால் போனது. மனைவியின் ஊர் என்று லண்டனுக்கு வந்தார். பிறகு மனைவியும் போனாள். மூன்று வருடமாக, நாற்பது வயது தாண்டியவர்களின் அணிக்குச் சம்பளமில்லாத கோச். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு வேறு வேலை கிடையாது. மற்ற நாட்களிலும் கிடையாது.

"ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி" என்று அவர் முதலில் சொன்னபோது பாதி அணி ராஜினாமா செய்தது. அடுத்த வாரம் ஒன்பது மணிக்கு வந்து அதை வாபஸ் வாங்கியது. முதல் சுற்றோடு வீட்டுக்குப் போய்ப் பழகிய கழகம் இந்த வருடம் இறுதியாட்டத்துக்கே போய்விட்டது.

எதிரணி, இதே கழகத்தில் சண்டை பிடித்துப் பிரிந்துபோன மற்ற லண்டன் கிளை.

ஒன்றுக்குப் பூச்சியம். டீற்றரின் அணி வென்றுகொண்டிருந்தது. பத்து நிமிடம் இருக்கும்போது டீற்றர், கோல் அடித்த ஜெரோசனை வெளியே எடுத்து மணியத்தை இறக்கினார்.

மணியம் நகைக்கடைக்காரர். வயது ஐம்பத்தெட்டு. வாராவாரம் முழு விளையாட்டு உடுப்போடு வந்து பெஞ்சில் இருந்துவிட்டுப் போகிறவர். இறங்கியவர் இரண்டு கோல் போட்டார். இரண்டும் தன் பக்கத்துக்கே.

"ரெண்டாவது பந்து ஒரு மாதிரித் திரும்பிச்சுது," என்றார் மணியம்.

"உங்களிலை ஒரு பிழையும் இல்லை அண்ணை," என்றார் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா. தன் கையாலேயே மணியத்தின் தட்டில் இன்னொரு வடை வைத்தார். மணியத்தின் மகனுக்குத் தன் மகளைக் கலியாணம் பேசியிருந்தார். அந்தப் பக்கமிருந்து பதில் இன்னும் வரவில்லை. "இறக்கினவனிலைதான் பிழை."

கழகத்தின் யாப்பு விதிகளின்படி கூட்டம் தமிழில்தான் நடக்கவேண்டும். ஆகவே செயலாளர் அஜித்தா டீற்றருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உவனுக்கு மூளை இருக்கோ எண்டு கேளும் அஜித்தா," என்றார் தலைவர்.

"உங்கள் ஆட்டத் திட்டத்தை அறிய விரும்புகிறார்கள்," என்றாள் அஜித்தா.

"நான் நல்லா ஓடிக்கொண்டுதானே நிண்டனான்," என்றான் ஜெரோசன். "சரி, நான் வாய் திறக்கேல்லை. மனிசன் நாலாவது வடைக்குக் கை வைக்குது, பாருங்கோ."

டீற்றர் நீட்டிய கையைத் திருப்பித் தேநீர்க் கோப்பையைப் பிடித்தார்.

"ஜெரோசனுக்குக் கொஞ்சம் மனவருத்தம்," என்றாள் அஜித்தா.

"ஜெரோசன் களைத்துவிட்டார் என்று நினைத்தேன்," என்றார் டீற்றர் ஆங்கிலத்தில். "மணியத்துக்கு அனுபவம் இருக்கிறது."

மணியம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓம், காப்பு விக்கிற அனுபவம்," என்றார் யோகலிங்கம். மேசை முழுக்கச் சிரித்தது.

"யோகலிங்கம்! பெரியாக்களை மதிக்கத் தெரியாட்டி வெளியிலை போம்," என்றார் தலைவர்.

அஜித்தா கையைத் தூக்கினாள். "அண்ணை, ஒண்டு கேக்கவேணும். ஆராவது சொல்லித்தான் இறக்கினவரோ?"

தலைவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீளமாகக் குடித்தார்.

அஜித்தா ஆங்கிலத்தில் கேட்டாள். டீற்றர் தலையை ஆட்டினார்.

"யாரும் இல்லை. என் முடிவு. பிழையான முடிவு." தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "கோச்சாக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து எடுத்துப் போடவாவது வரலாமா?"

இதை அஜித்தா ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னாள். யோகலிங்கம் ரோலைத் தட்டில் வைத்தார்.

"பாவம்தான்," என்றார் தலைவர். "ஆனா கழகத்தின்ரை மானம் போட்டுது. இதிலை இரக்கம் பாக்க ஏலாது. உவன் இனி மைதானத்துப் பக்கமே வரக்கூடாது. ஆதரிக்கிறாக்கள் கையைத் தூக்குங்கோ."

முதல் கை அவருடையது. மற்றவை ஒவ்வொன்றாக எழுந்தன. மணியத்தின் கை கடைசியாக, தோள்வரை வந்தது.

டீற்றர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசையில் வைத்தார். எல்லோருக்கும் கை கொடுத்தார். மணியத்துக்கு மட்டும் முதுகிலும் தட்டிக் கொடுத்தார்.

வாசல்வரை போய் வழியனுப்புவதுதான் மரியாதை என்று சொல்லிக்கொண்டு தலைவர் கூடவே படியிறங்கினார். கீழே வந்ததும் மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"குறை நினைக்காதீர்கள்," என்றார் ஆங்கிலத்தில், மெதுவாக. "என் நிலைமை உங்களுக்குப் புரியும்."

டீற்றர் தொப்பியை மாட்டினார். பிறகு, மூன்று வருடம் பெஞ்சில் மணியத்தின் பக்கத்தில் இருந்து பழகிய தமிழில் சொன்னார்:

"ஆட்டம் நடந்த அண்டைக்கு விடியப் போன் எடுத்து அழுதனியள், மணியத்தைக் கடைசியிலை ஒருக்கா இறக்கிவிடும், என்ரை மகளின்ரை வாழ்க்கை எண்டு. சம்பந்தம் சரிவந்ததோ?"