நாற்பத்து மூன்று காலி இடங்கள்

"உன் தங்கச்சி புருஷன் இன்னைக்கு மாட்டினான்!"

போனில் மனைவியிடம் சொல்லும்போதே பெரிய மாப்பிள்ளைக்குக் குரல் துள்ளியது.

சகலைகள் இருவருக்கும் ஒரே அலுவலகம். வெப்சைட் செய்து தரும் வேலை. சின்ன மாப்பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டதே இவர்தான். இப்போது அவனை டீம் லீடராக்கப் போவதாகப் பேச்சு. மாமியார் வேறு, வாயைத் திறந்தால் சின்ன மாப்பிள்ளை புராணம். இரண்டு மாதமாக இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அவர் என்னங்க பண்ணினார், பாவம்?"

"பாவமா? ஆஸ்பத்திரி வெப்சைட்ல ஒவ்வொரு படத்துக்கும் விவரம் எழுதி வெச்சிருந்தேன். கண் தெரியாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் அதைப் படிச்சுக் காட்டும். நாற்பத்து மூணு படத்துக்கு அதை அழிச்சுக் காலியா விட்டிருக்கான்!"

"இத்தனை நாள் யாரும் கவனிக்கலையா?"

"சோதனை பண்ற சாஃப்ட்வேர் ஒரு முட்டாள். காலியா இருந்தா, சும்மா அழகுக்கு வெச்ச படம்னு விட்டுடும். காலியா இருந்தாலே தப்புன்னு காட்டற மாதிரி நேத்து நான் அதோட விதியை மாத்தினேன். கொட்டிச்சு பாரு, சிவப்பு சிவப்பா! அழிச்சவன் பேரோட!"

"எதுக்குங்க? நம்ம வீட்டு மனுஷர்..."

"வை போனை!"

பட்டியலோடு நேரே மேனேஜரம்மா அறை. மேசையில் வைத்தார்.

"கண் தெரியாதவங்க வயித்துல அடிச்சிருக்கான் மேடம்."

அந்தம்மாள் பட்டியலைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

"முதல்ல இருந்த விவரமெல்லாம் நீங்க எழுதினதா?"

"பின்னே? ஒண்ணு விடாம நானேதான்!"

"நிச்சயமா?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? பழைய பதிவுல என் பேர் இருக்குமே!"

அந்தம்மாள் கம்ப்யூட்டரில் பழைய பக்கத்தைத் திறந்தாள்.

"கொஞ்சம் கண்ணை மூடிக்குங்க, சார். டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு பண்ணுங்க."

மூடினார். கம்ப்யூட்டர் படிக்க ஆரம்பித்தது.

"நீலக் கோடு. நீலக் கோடு. வட்டப் புள்ளி. நிழல். புன்னகைக்கும் பெண். நீலக் கோடு..."

ஒரு நிமிஷம் போயிற்று. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பதிவு பண்ற பட்டன் எங்கே மேடம்?"

"வரும். இன்னும் இருபத்தெட்டு படம் இருக்கு."

கண்ணைத் திறந்துவிட்டார்.

"கண் தெரியாத ஒரு அம்மா, குழந்தைக்குக் காய்ச்சல்னு மூணு தடவை முயற்சி பண்ணியிருக்காங்க. பட்டன் வர்றதுக்குள்ள மூணு தடவையும் நேரம் முடிஞ்சு பக்கம் காலாவதி ஆயிடுச்சு. அழகுக்கு வெச்ச படத்துக்கு விவரத்தைக் காலியா விடறதுதான் சார் முறை."

இவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் விடவில்லை.

"ஓஹோ! என் தப்பை உங்ககிட்ட வந்து போட்டுக் கொடுத்தானாக்கும்?"

அந்தம்மாள் திரையை இவர் பக்கம் திருப்பினாள். கண் தெரியாத அம்மாவின் புகாருக்குப் போன பதில் கடிதம்.

'அந்த விவரங்களை எழுதியவன் நான்தான். மன்னித்துவிடுங்கள் அம்மா. இப்போது சரிசெய்துவிட்டேன்.'

கீழே சின்ன மாப்பிள்ளையின் பெயர்.

"இதைப் படிச்சிட்டு, இப்படித் தப்புப் பண்றவர் டீம் லீடரா வேண்டாம்னு முடிவு பண்ணினேன். காலையிலதான் உங்க பேருக்கு ஆர்டர் டைப் பண்ணி வெச்சேன், சார்."

மேசையிலிருந்த காகிதத்தை எடுத்தாள். நாலாகக் கிழித்தாள்.

சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க ஆச்சு? மாட்டிக்கிட்டாரா?"

"மாட்டியாச்சு," என்றார். "நான்தான்."