மூன்றாவது எண்

கடவுச்சொல் கேட்கவில்லை.

அதில்தான் முதலில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் சொந்த மொபைலில், யார் என்றும் சொல்லாமல், அந்த இணைய முகவரியைத் தட்டினாள். உடனே திறந்துகொண்டது. பெண்கள் ஒருவருக்குக் கீழ் ஒருவராக வரிசையாக இருந்தார்கள்.

ஒவ்வொரு படத்தின் ஃபைல் பெயரிலும் பெண்ணின் பெயர், நட்சத்திரம், மொபைல் எண். அப்படித்தான் ஏற்ற வேண்டும் என்பது முதலாளி குணசீலன் போட்ட விதி. பார்த்ததும் ஆள் தெரிய வேண்டுமாம்.

கரூர் பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் அவருடைய திருமணத் தகவல் மையம். அதன் இணையதளத்தைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. கவனிக்க விட்டால்தானே.

காலையில் செண்பகவல்லி போன் செய்திருந்தாள். குளித்தலையில் பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளை பார்ப்பதற்காகப் படம் கொடுத்தவள். யாரோ இந்த முகவரியை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். விடிந்ததிலிருந்து முன்பின் தெரியாத ஆண்கள் அவளை அழைக்கிறார்கள். ஒருவன் ரேட் கேட்டிருக்கிறான்.

அவள் அழவில்லை.

"உங்கள நம்பித்தானக்கா குடுத்தோம்" என்றாள்.

அழுதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

சர்வரில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் மூன்று எண்கள் உண்டு. முதல் எண் உரிமையாளருக்கு. இரண்டாவது கூட வேலை செய்பவர்களுக்கு. மூன்றாவது ஊர் உலகத்துக்கு. ஏழு என்றால் எல்லாம் செய்யலாம். பூஜ்ஜியம் என்றால் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

படங்கள் இருந்த ஃபோல்டரில் மூன்றும் ஏழு.

அவள் பூட்டித்தான் வைத்திருந்தாள். அவள் லீவு போட்ட வாரம் பார்த்து, முதலாளி யாரையோ கூட்டி வந்து திறக்க வைத்திருந்தார். வெளியூர்த் தரகர்களுக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காதாம். லிங்கைத் தட்டினால் பெண் படம் வந்து நிற்க வேண்டுமாம். வேண்டாம் சார், வேண்டாம் சார் என்று வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தாள். மனிதர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

முதலாளியின் கண்ணாடி அறைக்குள் போனாள். செண்பகவல்லி சொன்னதைச் சொன்னாள். சொல்லக் கூசியதையும் சேர்த்தே சொன்னாள்.

அவர் டீயை ஊதிக் குடித்தார்.

"நாலு பேரு பாக்கத்தானம்மா போட்டோ குடுக்கறாங்க."

 அந்தக் கண்ணாடிக் கதவை ஓங்கிச் சாத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சாத்தாமல் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனாள்.

ஓவியா. ரேவதி நட்சத்திரம். பச்சைப் பட்டுப்புடவை. முதலாளியின் மகள். அவளுக்கும் வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். படம் அன்றைக்குத்தான் ஏறியிருந்தது.

அந்த ஒரு படத்தின் முகவரியை அவருக்கு அனுப்பினாள். 'இதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் சார்' என்று கீழே எழுதினாள்.

உள்ளே நாற்காலி சரிந்த சத்தம் கேட்டது.

வெளியே வந்தார். காலில் செருப்பில்லை. ஆபீசில் வேறு யாருமில்லை, ஆனாலும் குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா படத்த மட்டும் மொதல்ல மூடிடும்மா. மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

மட்டும்.

அந்த ஒரு வார்த்தையை அவளால் விழுங்க முடியவில்லை. அப்புறம் என்றால் எப்போது? இன்னும் எத்தனை வீட்டில் போன் அடித்த பிறகு?

வேலையில் இறங்கினாள். வெளியார் கை எட்டாத இடத்தில் புது ஃபோல்டர்கள் போட்டாள். படங்களை அங்கே நகர்த்தினாள். படப் பெயர்களிலிருந்து மொபைல் எண்களை அழித்தாள். மூன்றாவது எண்ணைப் பூஜ்ஜியம் ஆக்கினாள். விசைகளைத் தட்டிய வேகத்தில் மேசை ஆடியது.

ஏற்கெனவே எடுத்து வைத்துக்கொண்டவன் வைத்துக்கொண்டதுதான். அவன் கையிலிருந்து பிடுங்க இந்த எண்களால் ஆகாது. செண்பகவல்லியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கடைசியில் ஒரு படம் மிஞ்சியது.

ஓவியா.

இருக்கட்டும் என்று தோன்றியது. ஒரு மத்தியானம் மட்டும் திறந்தே கிடக்கட்டும். அந்தப் பெண்ணுக்கும் நாலு போன் வரட்டும். அப்போதாவது இந்த ஆளுக்கு உறைக்கும்.

அவ்வளவு கோபம் இருந்தது.

பச்சைப் புடவையில் அந்தப் பெண், போட்டோகிராபர் சொன்னதற்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லியும் அப்படித்தான் சிரித்திருந்தாள். அப்பன் செய்ததற்கு இவள் ஏன் அனுபவிக்க வேண்டும்?

அதையும் நகர்த்தி மூடினாள்.

பழைய ஃபோல்டர் காலியாகக் கிடந்தது. ஊர் சுற்றிக்கொண்டிருக்கும் முகவரியைத் தட்டுகிறவன் இன்னும் அங்கேதான் வந்து நிற்பான்.



பிறகு 'எங்களைப் பற்றி' பக்கத்துக்குப் போனாள். பொன்னாடையும் புன்னகையுமாக முதலாளி. அந்தப் படத்தை நகல் எடுத்தாள். அவர் போட்ட விதிப்படியே பெயர் வைத்தாள். குணசீலன். அடுத்தது நட்சத்திரம். அனுஷம். ஆனி மாதம் அந்த நாளில் தன் பெயருக்கு அர்ச்சனை செய்து ஆபீசுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவருவார். அடுத்தது மொபைல் எண்.

காலி ஃபோல்டரில் வைத்தாள். மூன்றும் ஏழு.

"முடிஞ்சுதாம்மா?" உள்ளேயிருந்து கேட்டார்.

"பாப்பா படத்த மூடியாச்சு சார்."

அவர் பெருமூச்சு விட்டார். கீழே கடைக்கு போன் போட்டு இன்னொரு டீ சொன்னார்.

டீ வருவதற்கு முன் போன் அடித்தது. ஏதோ புது எண். வரன் தேடி வருகிறவர்களிடம் பேசும் அந்தக் குழைந்த குரலில் வணக்கம் சொன்னார். மறுமுனையில் பேசினார்கள். சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"ரேட்டா? என்னப்பா ரேட்டு?"

அதற்குள் குறுக்கே இன்னொரு அழைப்பு வந்தது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

அவள் டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.