மாத்திரை தயார்

“உங்க வீட்டுக்காரர் மாத்திரை ஒருவழியா வந்தாச்சும்மா,” என்றார் மருந்துக்கடைக்காரர். ஆறு நாளாக நடையாய் நடந்தவளின் முகத்தில் துளி சந்தோஷம் இல்லை.

விமானத்தில் பெட்டி தொலைந்தபோது உள்ளே இருந்த இதய மாத்திரையும் தொலைந்தது. ஊர் டாக்டரின் சீட்டைப் போனில் காட்டினாள். இந்த நாட்டு டாக்டர் எழுதியதுதான் செல்லும் என்றார் கடைக்காரர். இங்கே ஒரு டாக்டர் நான்காம் நாள்தான் பார்த்தார். எழுதி வாங்கி வந்தால், கடையில் இருப்பு இல்லை.

“சட்டம் அப்படி, நான் என்னம்மா பண்றது? இனிமே ஒரு வேளைகூட விடக் கூடாது, சொல்லிடுங்க.”

“சரிங்க.”

“அவர் பாஸ்போர்ட்டைக் கொடுங்க, பதிஞ்சுக்கிறேன்.”

பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கடைக்காரர் நெற்றியைச் சுருக்கினார்.

“மூலையை வெட்டியிருக்கே! இது செல்லாதேம்மா. யார் வெட்டினது?”

“நம்ம தூதரகத்துல. இன்னிக்குக் காலையில.”

“அடடா, இத்தனை அலைச்சல்ல இது வேறயா? புதுசு எப்பத் தருவாங்களாம்?”

“தர மாட்டாங்க. அவர் உடம்பை ஊருக்கு எடுத்துட்டுப் போக அனுமதி கேட்டேன். இதை வெட்டிட்டுத்தான் அதைத் தருவாங்களாம்.”

கடைக்காரர் மாத்திரை அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“மாத்திரை தயார்னு மெசேஜ் அனுப்பியிருந்தீங்க,” என்றாள் அவள். “அதான் வந்தேன்.”