அயர்லாந்து மூக்கு

அதே தெருவில் குடியிருக்கும் மகன் பிஜு கறுத்த பெண்ணைக் கட்டியதால், பிறந்த பேத்தியை மூன்று மாதமாகப் பார்க்கப் போகாதவர் கரமனை சத்தியநேசன். நிறம் கண்டுபிடிப்பதில் பெயின்ட் கடைக்காரர்களே அவரிடம் தோற்பார்கள்.

அடுத்த வீட்டு ஷெமிக்கு அயர்லாந்துக் கணவன். அங்கே மட்டும் குழந்தை பார்க்க ஓடினார். பாயில் கிடந்ததை அள்ளிக்கொண்டார்.

"இந்தக் கலரும் அயர்லாந்து மூக்கும் கலப்புல பொறந்தாத்தான் மோளே வரும். நம்ம ஆளுகளுக்கு வருமா?"

"கலரைத்தான் பாப்பியளா மாமா?"

"கொறையா சொன்னேன்? புகழத்தானே செய்யுதேன்."

குழந்தை அவர் விரலை இறுகப் பிடித்தது. உள்ளே இன்னொரு குழந்தை அழ, ஷெமி போய்த் தூக்கிவந்தாள். நல்ல கறுப்பு.

"அது யாருக்க பிள்ளை?"

"எனக்க பிள்ளை, மாமா."

"அப்ப இது?"

"பிஜு அண்ணனுக்க மோள். அண்ணி கடைக்குப் போயிருக்காவ."

சத்தியநேசன் விரலை உருவப் பார்த்தார். பேத்தி விடவில்லை.