எந்தப் பக்கம்ணே?

"இந்த லாரியை விக்க விடமாட்டேன்" என்று முன்சக்கரத்தை மறித்துக்கொண்டு நின்றான் தத்தி. கண் கலங்கியிருந்தது. பழைய வண்டி வாங்கும் வியாபாரி, கையில் பத்திரத்தோடு விழித்தார். வண்டியை விற்கிறவன் அழுது பார்த்திருக்கிறார். பக்கத்து வண்டிக்காரன் அழுது பார்த்ததில்லை.

விற்க வந்த மேப்புக்கோ உச்சி குளிர்ந்துபோனது.

மேப்பு என்பது லாரிகள் நிற்கும் அந்த மைதானம் வைத்த பெயர். சொந்தமாக ஒரே ஒரு லாரி, ஓட்டுவதும் அவரே. கேபினுக்குள் பெரிய மேப் ஒன்றை ஒட்டி, எந்தப் பக்கம் எந்த மாதத்தில் லோடு நன்றாகக் கிடைக்கும் என்று சிவப்பிலும் பச்சையிலும் கோடு போட்டு வைத்திருந்தார். வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

மைதானத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் மற்ற டிரைவர்களெல்லாம் அவருக்குத் துரும்பு. "இந்த வாரம் கிழக்கே போறவன் பொழைப்பான். மத்தவனெல்லாம் வண்டியில காத்தை ஏத்திக்கிட்டு வருவான்" என்பார். கேட்ட ஆட்கள், அவர் பேசி முடிப்பதற்குள் கிழக்கே வண்டியைக் கிளப்பியிருப்பார்கள்.

பேச்சையெல்லாம் முடித்துவிட்டு மேப்பு நிதானமாகக் கிழக்கே போவார். அங்கே இருபது வண்டி ஒரு லோடுக்கு வரிசையில் நிற்கும். நாலு நாள் காத்துக் கிடந்து, காலி வண்டியோடு திரும்புவார். பழி மழையின் மேல் விழும், புரோக்கர் மேல் விழும், ஆலைக்காரன் மேல் விழும். தப்பித் தவறியும் தன் மேல் விழாமல் பார்த்துக்கொள்வார்.

தத்தி வேறு ரகம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிறவன். அவனும் சொந்த வண்டிக்காரன்தான். தத்தி என்ற பட்டம் மேப்பு கொடுத்தது. ஒவ்வொரு நடைக்கும் முன்னால் மேப்பிடம் வந்து கைகட்டி நிற்பான்.

"இந்தத் தடவை எந்தப் பக்கம்ணே?"

மேப்பு சொல்வதைக் குட்டி நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஆனால் மேப்பு சொன்ன இடத்து வரிசையில் அவன் வண்டியை யாரும் பார்த்ததில்லை. அவன் உருட்டுகிற வேகத்துக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்று மேப்பு இளக்காரமாகச் சிரிப்பார். அந்தத் தத்தி மூன்றே வருஷத்தில் இரண்டாவது லாரி வாங்கினான். அதுவும் தன்னுடைய தயவு என்று மேப்பு டீக்கடையில் அறிவித்தார்.

"அவன் உங்ககிட்ட கேட்டுட்டுப் போய் நல்லா இருக்கான். நீங்க ஏன் இப்படி இருக்கீங்க?" என்று ஒருநாள் மனைவி கேட்டாள்.

"கைகாட்டி மரம் ஊருக்கெல்லாம் வழி காட்டும். அது எங்கயாவது போகுமா? அடுப்படியில இருக்கறவளுக்கு ரோட்டைப் பத்தி என்ன தெரியும்?"

அவள் தன் தம்பியிடம் போய்ப் பேசினாள். தம்பிக்குச் சொந்தமாக ஒரு கிடங்கு இருந்தது. மாமா லாரியை விற்றுத் தலைமுழுகிவிட்டு வந்தால், கேட்டைத் திறந்து மூடும் வேலை தருகிறேன் என்றான்.

மேப்புக்குத் தூக்கம் போயிற்று. ஊருக்கே வழி சொன்னவர் மச்சானின் காருக்குக் கேட் திறப்பதா? ஆனால் ஆறு டயரும் மொட்டையாகிவிட்டன, வீட்டில் மளிகை டப்பாக்களும் அதே கதிதான். வேறு வழியில்லாமல் தலையாட்டினார். இன்று கையெழுத்து. அந்த நேரத்தில்தான் தத்தி வந்து மறித்தான்.

"நீங்க இல்லேன்னா நான் தெருவுக்கு வந்துருவேண்ணே. ஆறு டயரும் புதுசா நானே போட்டுத் தர்றேன். வண்டியை மட்டும் வித்துறாதீங்க."

மேப்பு, கூடவே வந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். என் மதிப்பு இப்போதாவது தெரிந்ததா என்று கேட்டது அந்தப் பார்வை. வியாபாரியின் கையிலிருந்த பத்திரத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார். லாரியை உடைத்துக் கிலோ கணக்கில் விற்கிறவனுக்கு லாரியின் அருமை எங்கே தெரியும் என்று நக்கலடித்து அந்த ஆளை விரட்டினார்.

மனைவி பதறினாள். தம்பி அந்த வேலைக்கு வேறு ஆள் வைத்துவிடுவான், அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சினாள். அதுவரை கிழித்தது போதாது என்று மேப்பு போனை எடுத்தார்.

"டேய், உன் கேட்டை நீயே திறந்து மூடிக்க. என் யோசனையை நம்பிப் பொழைக்கறவன் இங்க ஆயிரம் பேரு. இனி செத்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

மச்சான் போனை வைத்துவிட்டான். மனைவி தலையில் கை வைத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் டீக்கடைக் கூட்டம் மொத்தமும் லாரியைச் சுற்றி நின்றது. மேப்புக்கு இதைவிட நல்ல மேடை கிடைக்காது. தத்தியின் தோளில் கை போட்டு, அவனை நடுவே இழுத்து நிறுத்தினார்.

"சொல்லுடா, எல்லாரும் கேக்கட்டும். நான் போயிட்டா உனக்கு அப்படி என்ன நஷ்டம்?"

தத்தி தலையைச் சொறிந்தான். அப்புறம் தனியாகச் சொல்கிறேன் என்று நழுவப் பார்த்தான். மேப்பு விடுவதாக இல்லை. கூச்சப்படாமல் சொல்லச் சொல்லி முதுகில் தட்டினார்.

"எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு அப்புறம் நான் யாருகிட்டண்ணே கேப்பேன்?"