மேட்ச் முடியும்வரை மேலே வராதே

"உள்ள போற நேரம் கிடக்கட்டும்மா. வெளிய எப்ப விடுவீங்க? அதச் சொல்லுங்க."

போனில் அசுந்தா கேட்ட கேள்வியில் எதிர்முனைப் பெண் குழம்பிப் போனாள். நேப்பிள்ஸ் நகரத்துக்கு அடியில் கிரேக்கர்கள் வெட்டிய சுரங்கங்களுக்கு டிக்கெட் கொடுப்பவள் அவள்.

"ஞாயித்துக்கிழமையா? காலையில வாங்களேன். கூட்டம் இருக்காது, நின்னு நிதானமா பாக்கலாம்."

"காலையில வேண்டவே வேண்டாம். மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இறங்கணும். முடிஞ்ச பிறகுதான் ஏறணும்."

சமையலறை மேசையில் அவளுடைய கணவன் எஜீதியோ தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே மாடி வீட்டு அனியெல்லோ. கட்டடத்தில் குடியிருக்கும் எல்லாருடைய சார்பிலும் வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மேட்சில் ஜெயித்தால் கோப்பை ஊருக்கு வந்துவிடும். ஆனால் எஜீதியோ பார்த்த மேட்ச் எதிலும் ஊர் அணி ஜெயித்ததில்லை. தெருவுக்கே தெரிந்த விஷயம் அது.

"தம்பி, மனசுல வச்சுக்காத. உன்மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது" என்றார் அனியெல்லோ. அவர் கை, துரதிர்ஷ்டம் அண்டாமலிருக்கச் சட்டைப்பைக்குள் வைத்திருந்த சிவப்புக் கொம்புத் தாயத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. "போன மாசம் நீ பல்வலின்னு உள்ள படுத்திருந்த. மூணு கோல் போட்டோம். அடுத்த வாரம் தலைய மட்டும் நீட்டி, 'என்ன ஸ்கோர்'னு கேட்ட. கேட்ட வாய் மூடல, அவனுங்களுக்குப் பெனால்டி!"

"நான் கேட்டது பந்துக்கு எப்படிண்ணே தெரியும்?"

"அத பந்துகிட்டதான் கேக்கணும்."

அசுந்தா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "பேசாம கசெர்த்தாவுல இவன் அத்தை வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

"அத்தை வீட்டுல டிவி இருக்கு" என்றான் எஜீதியோ, தரையைப் பார்த்தபடி.

"அப்ப சர்ச்சுக்கு?"

"பூசை நடுவுலயே ஃபாதர் ஸ்கோர் சொல்லுவாரு."

"சர்ச்சுக்கு அடியில ரோமானியர் சந்தை ஒண்ணு தோண்டி வச்சிருக்காங்களே, அது?"

"ஐயோ, அது ஆழமே இல்ல" என்று பதறினார் அனியெல்லோ. "தெருவுல எவனாவது கோல்னு கத்துனா இவன் காதுல விழுந்துடும். அப்புறம் அந்தக் கோலையே செல்லாதுன்னு சொல்லிடுவான் நடுவர். சுரங்கம்தான் சரி."

அசுந்தா மறுபடி போனுக்குத் திரும்பினாள். "அங்க போன் எடுக்குமாம்மா?"

"எடுக்காதும்மா. ரொம்ப ஆழம்."

"அப்பாடா! மொத்தம் எவ்வளவு நேரம் சுத்திக் காட்டுவீங்க?"

"ஒன்றரை மணி நேரம்."

"பத்தாதே! நடுவுல இடைவேளை இருக்கு. கால்ல அடிபட்டுடுச்சுன்னு உருண்டு புரள்ற நேரம் வேற இருக்கு. ஒண்ணு செய்யுங்க. ரெண்டு தடவைக்கு டிக்கெட் போடுங்க. மேல ஏறாம அப்படியே அடுத்த கூட்டத்தோட சேர்ந்துக்கட்டும்."

"ஒரே ஆளா? யாரும்மா அவரு, ஆராய்ச்சியாளரா?"

"இல்ல, என் புருஷன்."

எதிர்முனையில் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "உங்க அதிர்ஷ்டம். ஒரே ஒரு இடம்தான் பாக்கி."

"மேட்ச் நேரத்துலயா? யாரு வர்றாங்க, வெளிநாட்டுக்காரங்களா?"

"இல்லம்மா. எல்லாம் நம்ம ஊர் ஆம்பளைங்கதான்."

அதைப் பற்றி யோசிக்க அசுந்தாவுக்கு நேரமில்லை. டிக்கெட்டை உறுதி செய்துவிட்டுப் போனை வைத்தாள்.

"பொறந்தது, வளந்தது எல்லாம் இங்கதான்" என்றான் எஜீதியோ. "நம்ம டீம் கோப்பை வாங்கறத நான் மட்டும் பாக்கக் கூடாதா?"

அசுந்தாவின் கண் கலங்கிவிட்டது. "அப்புறமா வீடியோல பாத்துக்கலாம், என் தங்கம்."

"மறுநாள்" என்றார் அனியெல்லோ அவசரமாக. "பேப்பர்ல வந்த பிறகு."

ஞாயிற்றுக்கிழமை எஜீதியோவுக்கு ராஜ உபசாரம் நடந்தது. மதியம் லசானியா, இரண்டு முறை. கட்டடத்திலிருந்து ஒரு தட்டு நிறைய இனிப்பு. அசுந்தா அவன் கழுத்தில் ஊர் அணியின் நீலத் துண்டைச் சுற்றிவிட்டு, சுரங்க வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி படியிறங்கினான். இரும்புக் கதவு சாத்திய பிறகுதான் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

கீழே பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் நீலத் துண்டு போட்ட ஆண்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள். எல்லா முகத்திலும் சாவு வீட்டுக் களை.

வழிகாட்டிப் பெண் காதைத் தீட்டி மேலே கவனித்தாள். "கதவு சாத்தியாச்சு. வீட்டு ஆளுங்க எல்லாரும் போயிட்டாங்க."

கூட்டம் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது. ஒருவர் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினார். இன்னொருவர் சீட்டுக்கட்டைக் கலைத்தார். எஜீதியோ கழுத்துத் துண்டை உருவி, சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு கல் திண்டில் சுகமாகச் சாய்ந்தான்.

புதிதாக வந்திருந்த ஒருவர் மட்டும் திகைத்து நின்றார். "ஏன் சார், உங்களையும் ராசியில்லாதவர்னுதானே இங்க அனுப்பினாங்க? கவலையே இல்லாம படுத்திருக்கீங்களே!"

"உக்காருங்க சார்" என்றான் எஜீதியோ, கொட்டாவி விட்டபடி. "எனக்குப் பந்தாட்டம்னாலே ஆகாது. இந்த ஊர்ல அத வாய்விட்டுச் சொன்னா சோறு கிடைக்குமா? அதான், ராசியில்லாதவன்னு பேர் எடுக்கப் பத்து வருஷம் பாடுபட்டேன்."